கெப் வாங்க முன் ஒரு கொப்பி வாங்குங்கள்

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். தங்கையின் மகன் வந்து நின்றார். கையில் வாகன விற்பனை நிலையமொன்று கொடுத்த விலைக் கடிதம்.

"மாமா, டபள் கெப் ஒன்று பார்த்திருக்கிறேன். சாமான் ஏற்றலாம், மிக்சரை இழுக்கலாம், பிள்ளைகளையும் கொண்டு போகலாம். ஒரே வாகனத்தில் எல்லாம் முடியும். நீங்கள் சரி என்றால் திங்கட்கிழமை முற்பணம் கட்டிவிடுவேன்."

அவர் ஹந்தெஸ்ஸவில் சிறிய ஹாட்வெயார் கடை நடத்துகிறார். நான் கெலிஓயாவில் அதே தொழிலில் இருபது வருடங்களைக் கடந்தவன். "ஒரே வாகனத்தில் எல்லாம் முடியும்" என்ற அந்த வார்த்தையை நானும் ஒரு காலத்தில் என் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வாப்பா அன்று ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தின் விலையைப் பிறகு மூன்று வருடத் தவணையாகக் கட்டினேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்த பிறகு எம்மவர்களிடையே இந்தப் பேச்சுத்தான். ஐந்து வருடமாகப் பழைய வாகனத்தை ஒட்டுப்போட்டு ஓட்டியவர்களின் ஆசை நியாயமானதே. ஆனால் வரிகளும் சேர்ந்து வாகன விலை எங்கோ போய் நிற்கும் காலத்தில் தவறான வாகனத்தை வாங்குவது கடையை அடகு வைப்பதற்குச் சமம். ஆகவே மருமகனுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன். ஹாட்வெயார் தொழிலில் இல்லாதவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஐந்தடிப் பெட்டி

முதலில் என் கதை. நான் வாங்கியது பாவித்த டபள் கெப். வெள்ளை நிறம், நல்ல எஞ்சின், நான்கு கதவு. ஊரில் மரியாதை கூடியது, மறைக்கத் தேவையில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் வாசலில் இடம் ஒதுக்கினார்கள்.

முதலாவது கிழமையே பிரச்சினை தெரிந்தது. டபள் கெப்பின் பின்பெட்டி ஐந்தடிதான். நாம் விற்கும் பலகை எட்டடிக்கு நான்கடி. கூரைத் தகடு எட்டடி, பத்தடி, பன்னிரண்டடி. கம்பி ஆறு மீற்றர். எல்லாம் பின்னால் வால்போல நீட்டிக்கொண்டு நிற்கும், சிவப்புத் துணி கட்டி ஓட்ட வேண்டும். சிங்கிள் கெப்பின் பெட்டி ஏழரை அடியளவில் இருக்கும். எட்டடிப் பலகையைப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டாவது ஏற்றலாம்.

நீளத்தை விடப் பெரிய விஷயம் நிறை. டபள் கெப் என்றால் ஒரு தொன் ஏற்றலாம் என்பது நம் ஊர்க் கணக்கு. வாகனத்துக்கு வாகனம் வேறுபட்டாலும் அந்த ஒரு தொன்னை அண்டிய தாங்குதிறனுக்குள் ஆட்களும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாரதியோடு ஐந்து பேர் ஏறினால் 330 கிலோ போய்விடும். பின்னால் ஏதாவது இழுத்தால் அதன் முன்பாரம் கொக்கியில் இறங்கும். ஒரு தொன் ட்ரெயிலர் என்றால் சுமார் 100 கிலோ. மீதி 570 கிலோ. 50 கிலோ சீமெந்து மூட்டையில் 11 மூட்டை! இருபது மூட்டை ஏற்றுவதாக நினைத்து வாங்கிய வாகனம், குடும்பத்தையும் மிக்சரையும் சேர்த்தால் பதினொரு மூட்டை வாகனம்.

இருபது மூட்டை ஏற்றினால் என்ன, ஸ்பிரிங் தட்டு ஒன்று கூடுதலாகப் போட்டால் சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் போட்டேன். ஸ்பிரிங் தாங்கும், பிரேக்கும் அச்சும் டயரும் பழையவைதான். இன்னொன்றையும் கவனியுங்கள். டபள் கெப்பின் ஆசனங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பெட்டி பின்சில்லுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் தள்ளிப் போயிருக்கிறது. அங்கே பாரத்தைப் போட்டால் முன்பக்கம் இலேசாகும். ஸ்டேரிங் காற்றில் மிதப்பதுபோல இருக்கும், முன்பிரேக் பிடிப்பது குறையும். சமதரையில் இது தெரியாது. நம்முடைய ஊர்களில் சமதரை எங்கே இருக்கிறது?

இழுப்பது வேறு, ஏற்றுவது வேறு

கெலிஓயா டவுன் ஏ5 வீதியில் இருக்கிறது. பேராதனையில் தொடங்கி கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை என ஏறி நுவரெலியாவுக்குப் போகும் வீதி. பிரதான வீதியில் எந்த வாகனமும் ஓடும். ஆனால் வாடிக்கையாளரின் வீடு பிரதான வீதியில் இல்லையே! எம்பெக்க, தவுலகல பக்கம் உள்ளே திரும்பினால் ஒரு வாகனம் போகும் அகலத்தில் பாதை, எதிரே விகாரைகளைப் பார்க்க வரும் சுற்றுலா பஸ், அதற்குப் பிறகு கொங்கிறீட் போட்ட செங்குத்தான கிளைப்பாதை, அதில் மழைக்காலப் பாசி. வீடு கட்டுபவர் எப்போதும் அந்தக் கடைசி ஐம்பது யாரின் முடிவில்தான் இருக்கிறார்.

என் கடையில் கொங்கிறீட் மிக்சர் வாடகைக்குக் கொடுக்கிறோம். எம் தொழிலில் அதில் ஓரளவு காசு உண்டு. ஒரு மூட்டை மிக்சர் ஒன்று தொன்னை அண்மிக்கும். அதற்கு இரண்டு சில்லு உண்டு, பிரேக் இல்லை. வாகன விளம்பரங்களில் "3,500 கிலோ இழுக்கும்" என்று போடுவார்கள். புதிய டீசல் கெப்கள் பலவற்றுக்கு அது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு. பிரேக் இல்லாத ட்ரெயிலர் என்றால் அதே வாகனங்களின் கையேட்டில் பெரும்பாலும் 750 கிலோ என்றுதான் இருக்கும். விற்பவர் இதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஏன் இந்த வித்தியாசம் என்று ஒரு சின்னக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். பத்தடி தூரத்துக்கு ஓரடி உயரும் பாதையில், இழுக்கும் நிறையில் பத்திலொரு பங்கு உங்களைப் பின்னால் இழுக்கிறது. ஆறடிக்கு ஓரடி என்றால் ஆறிலொரு பங்கு. ஒரு தொன் மிக்சர் 165 கிலோ விசையில் பின்னிழுக்கிறது. அதே பாதையில் இறங்கும்போது அதே 165 கிலோ உங்களை முன்னால் தள்ளுகிறது. ஏறும்போது எஞ்சின் உதவும். இறங்கும்போது வாகனத்தின் பிரேக் மட்டும்தான் இரண்டையும் தாங்க வேண்டும். வளைவில் மிக்சர் நேராகத் தள்ள, கெப் பக்கவாட்டில் திரும்ப, இரண்டும் கத்தரிக்கோல் போல மடிந்துவிடும்.

எனக்கு நடந்தது ஏற்றத்தில். தவுலகலப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பத்து மூட்டை சீமெந்தும் பின்னால் மிக்சரும். செங்குத்தான இடத்தில் எதிரே ஒரு முச்சக்கர வண்டி வர நிறுத்தினேன். திரும்ப எடுக்க முடியவில்லை. கிளட்ச் கருகும் மணம் வந்தது, எஞ்சின் நின்றது, கெப் பின்னால் நகர ஆரம்பித்தது. மிக்சர் ஒரு பக்கம் மடங்கி ஒரு வீட்டு மதிலில் போய் முட்டியது. கடையில் வேலை செய்த பையன் குதித்துப் பின்சில்லுக்குக் கல் வைத்தான். வைத்த கல்லுக்கும் அவனுடைய காலுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ், மதிலோடும் கிளட்ச்சோடும் போயிற்று. அந்தப் பையனின் உம்மாவிடம் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

தவறு வாகனத்தில் இல்லை, என்னில். அன்றிலிருந்து மிக்சரையும் சீமெந்தையும் ஒரே பயணத்தில் கொண்டு போவதில்லை. வாகனத்தில் இரண்டு மரக்கட்டை எப்போதும் இருக்கும். கல் தேட வேண்டியதில்லை. கொக்கியை பம்பரில் வெல்டிங் செய்வதை விட்டு, சேசியோடு போல்ட் போட்டுப் பூட்டினேன். மிக்சருக்குப் பின்னால் விளக்கும் ஒளிதெறிப்பானும் பொருத்தினேன்.

மருமகன் "4 வீல் வேண்டுமா மாமா?" என்று கேட்டார். நம் பாதைகளுக்கு நல்லது என்பேன், ஆனால் சேற்றுக்காக அல்ல. 4 வீலோடு வரும் லோ கியர்தான் முக்கியம். செங்குத்தில் கிளட்ச்சைக் கருக்காமல் அங்குலம் அங்குலமாக எடுக்கலாம், இறங்கும்போது எஞ்சினே பிடித்துக்கொள்ளும். வெறும் பெட்டியோடு பாசிப் பாதையில் ஏறும்போது பின்சில்லு சுழலும் தொல்லையும் இல்லை. ஆனால் காய்ந்த தார் வீதியில் அதைப் போட்டு ஓட்டாதீர்கள். நம் கெப்களில் பெரும்பாலானவற்றுக்குக் கியர் இறுகிப் பழுதாகும். பழைய லொறிச் சாரதிகள் எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பார்கள். கடுகண்ணாவையில் பிரேக் சூடாகிப் புகைய நிற்கும் வாகனங்களைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று. நின்றுபோன வாகனத்தைக் கயிறு கட்டி இழுப்பது எம்மவர்களின் பழக்கம். கெப் வாங்கியவுடன் ஊரில் எவருடைய வாகனம் நின்றாலும் அழைப்பு வரும். போகத்தான் வேண்டும். ஆனால் எஞ்சின் நின்ற வாகனத்துக்குப் பிரேக் உதவியும் பவர் ஸ்டேரிங்கும் கிடையாது. மிதித்தால் கல்லை மிதிப்பது போலிருக்கும். இறக்கத்தில் அது உங்கள் பின்னால் வந்து மோதும். கயிற்றுக்குப் பதிலாக இரும்புத் தண்டு ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கே இல்லாத வாகனம் என்றால் இழுக்கவே வேண்டாம், லொறியில் ஏற்றச் சொல்லுங்கள்.

எங்கே நிறுத்துவது?

என் கடையின் முன்பக்கம் 14 அடி. புதிய டபள் கெப் ஒன்று ஐந்தே கால் மீற்றருக்கு மேல், அதாவது பதினேழரை அடி. கடை முன்னால் நிறுத்தினால் மூன்றடி பக்கத்துப் புடவைக் கடைக்குள் போகும். ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்தார். பெருநாள் வியாபார நேரத்தில் வாய்த்தர்க்கம் ஆயிற்று. அண்டைக் கடைக்காரரின் உரிமை என்று குத்பாவில் கேட்கிறோம், மூன்றடியில் அதை மீறிக்கொண்டிருந்தேன். வாங்க முன் அளவு நாடா எடுத்து அளந்திருந்தால் பத்து நிமிட வேலை.

வீட்டிலும் அதே கதை. எங்கள் ஒழுங்கைக்குள் முச்சக்கர வண்டி வரும், சிறிய லொறி சிரமப்பட்டு வரும், டபள் கெப் வராது. இரவில் வீதியோரம் உறவினர் வீட்டு முன்னால் நிறுத்தினேன். ஒரு விடியலில் பற்றரி போயிருந்தது.

கண்டி நகருக்குள் போகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். கொழும்பு வீதியில் மொத்த வியாபாரிகளிடம் சரக்கெடுக்க நிறுத்துவதற்கு ஒரு நீண்ட வாகனம் எவ்வளவு சிரமம் என்பது தெரிந்ததே. பெரஹரா காலத்தில் சொல்லவே வேண்டாம். நீளத்தோடு திரும்பும் வட்டத்தையும் கேளுங்கள். ஹைலக்ஸ் டபள் கெப்பின் திரும்பும் ஆரை 6.4 மீற்றரளவில் வரும். டாட்டா ஏஸ், நம் நாட்டில் 'டிமோ பட்டா' என்று எல்லோரும் அறிந்தது, 4.3 மீற்றரில் திரும்பிவிடும். நீளமும் 3.8 மீற்றர்தான். 2005இல் இந்தியாவில் அறிமுகமான அந்தச் சின்ன வண்டி நம் ஒழுங்கைகளுக்குள் புகுந்ததற்கு விலை மட்டுமல்ல, இதுவும் காரணம். ஆனால் அதன் ஆரம்ப மாதிரியின் எஞ்சின் 702 சீசீ, 16 குதிரைவலு. ஏற்றும் பாரம் 750 கிலோ. பாரத்தோடு தவுலகல ஏற்றத்தில் பொறுமை வேண்டும், மிக்சர் இழுக்கும் எண்ணம் வேண்டாம். ஜப்பானில் இருந்து வரும் 660 சீசீ குட்டி லொறிகள் இன்னும் சிறியவை, 3.4 மீற்றர், அவற்றுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட பாரம் 350 கிலோ மாத்திரம். பேக்கரிக்காரருக்கும் மரக்கறி வியாபாரிக்கும் அது தாராளம். சீமெந்துக்கு ஏழு மூட்டை.

எரிபொருளில் ஒன்று மட்டும். புதிய டீசல் கெப்களில் பலவற்றுக்குப் புகை வடிகட்டி இருக்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். இடைக்கிடை நீண்ட ஓட்டம் வேண்டும், கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் வேண்டும். அந்த மேலதிகச் செலவையும் கணக்கில் சேருங்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் பெறுமதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காசும் கடதாசியும்

வட்டியில்லாமல் வாங்க முடியுமா என்று மருமகன் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் இதற்கு வழிவிட்டது. 2011இல் அமானா வங்கி முழுமையான வர்த்தக வங்கியாகத் தொழிற்படத் தொடங்கியது. சில லீசிங் கம்பனிகளிலும் தனிப் பிரிவு உண்டு. ஆனால் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். இஜாரா என்றால் வாகனம் அவர்களுடையது, நாம் வாடகை கட்டுகிறோம். ஆகவே உரிமையாளரைச் சாரும் பொறுப்புகள், குறிப்பாக வாகனம் முற்றாக அழிந்தால் யாருக்கு நட்டம் என்பது, ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். முறாபஹா என்றால் அவர்கள் வாங்கிய விலையும் இலாபமும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். தவணை பிந்தினால் அறவிடும் தண்டப்பணம் அவர்களின் வருமானமாகிறதா, தர்மத்துக்குப் போகிறதா என்பதையும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. எந்த முறையானாலும் மாதத் தவணையை வாகனம் உழைக்க வேண்டும், கடை உழைக்கக் கூடாது.

பாவித்த வாகனம் என்றால், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை மறக்காதீர்கள். மகாவலி பெருகி எங்கள் பகுதி பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டோம். தண்ணீரில் மூழ்கிய வாகனங்கள் கழுவி, மெருகூட்டிச் சந்தைக்கு வரத்தான் செய்யும். ஆசனப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கோடு இருக்கும். ஆசன போல்ட்டில் துரு, கம்பளத்துக்குக் கீழே மணல், விளக்குக் கண்ணாடிக்குள் நீர்ப்படலம், டிஃபரன்ஷல் ஒயில் பால் நிறம். இவற்றில் ஒன்றிருந்தாலும் திரும்பி வாருங்கள். பின்பக்கம் கொக்கி கழற்றிய துளைகள் தெரிந்தால், அந்த வாகனம் எதை இழுத்தது என்று கேட்டுவிட்டுக் கிளட்ச்சைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஓப்பன் பேப்பரில் வாங்குவதை நம்மவர்கள் இன்னும் விடவில்லை. பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால் அது விடுவிக்கப்படும் வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் அந்த வகை வாகனத்துக்கும், இழுக்கப்போகும் ட்ரெயிலருக்கும் இடமிருக்கிறதா என்பதையும் பாருங்கள். விபத்து நடந்த அன்று காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மருமகனிடம் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொடுத்தேன். "மகன், ஒரு மாதம் எழுது. ஒவ்வொரு நாளும் என்ன சாமான், எத்தனை கிலோ, எவ்வளவு நீளம், எந்தப் பாதை, எத்தனை பேர். ஹயருக்குப் பிடித்த வாகனத்துக்கு எவ்வளவு கொடுத்தாய் என்பதையும் எழுது. அதற்குப் பிறகு பேசுவோம்" என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் எடுத்துக்கொண்டு போனார்.

போன கிழமை கொண்டு வந்தார். 26 வேலை நாட்கள். அறுநூறு கிலோவுக்குக் குறைந்த பயணங்கள் 31. ஒரு தொன்னுக்கு மேற்பட்டவை ஐந்து. அவற்றைச் சப்ளையரின் லொறியே நேராக வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தது. மிக்சர் நான்கு தடவை, அதில் இரண்டு தடவை வாடிக்கையாளரே டிரக்டர் பிடித்து எடுத்துப் போயிருக்கிறார். எட்டடிக்கு மேற்பட்ட நீளம் பன்னிரண்டு தடவை. குடும்பத்தோடு பயணம் மூன்று. நான் பேனையை எடுத்து, லோ கியர் உள்ள பாவித்த சிங்கிள் கெப் ஒன்று, மிக்சருக்குத் தனிப் பயணம், குடும்பப் பயணம் மூன்றுக்கும் வேன் ஹயர் என்று எழுதி, விலைக் கடிதத்திலுள்ள டபள் கெப்போடு ஒப்பிட்டுக் காட்டினேன். வித்தியாசம் அவருடைய கடைச் சரக்கில் பாதிக்கு வந்தது. அவரும் தலையை ஆட்டினார்.

கொப்பியை மூடப் போகும்போதுதான் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. மருமகளின் கையெழுத்து, பென்சிலில். "பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஸ்கூல் வேன், மாதம் முழுவதும். உம்மாவை கிளினிக் கொண்டு போன நாள் நான்கு, முச்சக்கர வண்டி. மழை நாளில் மோட்டார் சைக்கிளில் நாங்கள் நாலு பேர், ஆறு நாள். இவற்றை அவர் எழுதவில்லை."

மருமகன் அதைப் பார்த்திருக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முன்னால் போட்ட கணக்கின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஸ்கூல் வேன் காசிலிருந்து மீண்டும் கூட்டத் தொடங்கினோம். அஸர் பாங்கு சொல்லும்போது பாதியில் நின்றது. இன்ஷா அல்லாஹ், ஞாயிற்றுக்கிழமை ஹந்தெஸ்ஸவுக்குப் போகிறேன். இந்த முறை மருமகளும் பக்கத்தில் இருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.